தூங்கிக் கிடந்த மருந்து

தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், மருந்து கண்டுபிடிப்பவர் என்றால் உலகில் இதுவரை இல்லாத ஒன்றைக் குடுவையில் உருவாக்குபவர் என்று எண்ணியிருந்தேன். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பின்னும் அந்த எண்ணம் மாறவில்லை. பல்கலைக்கழகத்தில் மருந்து வேதியியல் பயிலும்போது அறிந்த ஃபெக்சினிடசோல் என்ற மருந்தின் கதைதான் அதை மாற்றியது.

நோயும் பழைய மருந்துகளும்

ஆப்பிரிக்கத் தூக்க நோயைப் பரப்புவது செட்சி ஈ. அது கடிக்கும்போது டிரிப்பனசோமா என்னும் ஒட்டுண்ணி இரத்தத்தில் புகுந்து, நாளடைவில் மூளையை அடைகிறது. நோயாளி பகலில் உறங்குவார், இரவில் விழித்திருப்பார், மனம் தடுமாறும். சிகிச்சை இல்லையேல் பெரும்பாலும் மரணமே.

மூளையை எட்டிய நோய்க்கு 1949 முதல் தரப்பட்ட மெலார்சோப்ரோல், ஆர்செனிக் கலந்த ஊசிமருந்து. அதைப் பெற்றவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவரை அந்த மருந்தே கொன்றது. பின்னர் வந்த எஃப்ளோர்னித்தின் அதைவிடப் பாதுகாப்பானது. ஆனால் 14 நாள்களில் 56 முறை டிரிப் ஏற்ற வேண்டும். மின்சாரம் இல்லாத சிற்றூரில் இது நடக்கிற காரியமா? வாங்குவோர் ஏழைகள், இலாபம் இல்லை. 1990-களில் உற்பத்தி நின்றது. அதே மருந்து 2000-இல் அமெரிக்காவில் பெண்களின் முகத்து முடியைக் குறைக்கும் களிம்பாக அனுமதி பெற்றது! 2001-இல் உலகச் சுகாதார நிறுவனம் செய்த உடன்பாட்டால்தான் நோயாளிகளுக்கு அது மீண்டும் கிடைத்தது.

அடுக்கில் இருந்த விடை

2003-இல் ஜெனீவாவில் தொடங்கப்பட்ட டி.என்.டி.ஐ. என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, 700-க்கும் மேற்பட்ட நைட்ரோ சேர்மங்களைச் சலித்துப் பார்த்தது. அவற்றுள் ஒன்று, ஹோக்ஸ்ட் நிறுவனம் முன்பு ஆராய்ந்து கைவிட்ட ஃபெக்சினிடசோல். கிளினிக்குகளில் நாம் வாங்கும் மெட்ரோனிடசோலுக்கு இது உறவுக்கார மருந்து.

நைட்ரோ சேர்மங்கள் மரபணுவைச் சிதைக்கும் என்ற அச்சம் வேதியியலாளர்களிடம் உண்டு. பாக்டீரியா சோதனையில் ஃபெக்சினிடசோலும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அதற்குக் காரணம் பாக்டீரியாவின் சொந்த நொதிகள். பாலூட்டிகளின் உயிரணுக்களில் அந்தத் தீங்கு காணப்படவில்லை. ஒட்டுண்ணியிடமும் நைட்ரோ தொகுதியை ஒடுக்கும் நொதி உண்டு. அதனால் அது தன் நொதியாலேயே தனக்கு நஞ்சு காய்ச்சிக்கொண்டு மடிகிறது!

காங்கோ சனநாயகக் குடியரசிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் 394 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது. வெற்றி 91 விழுக்காடு. ஊசியும் மாத்திரையும் சேர்ந்த சிகிச்சைக்கு 98. சற்றுக் குறைவுதான், ஆகவே நோய் முற்றியவர்களுக்கு ஊசி இன்னும் தேவைப்படுகிறது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கோ பத்து நாள், உணவுக்குப்பின் மாத்திரை மட்டும் போதும்.

நான் கற்றது

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை இது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மூலக்கூறு இருந்தது; அதைத் தேடுவதற்கு ஆள்தான் இல்லை.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடியபோது, “மார்க்கெட் உள்ள நோயா பார்த்து எடு” என்றனர் நண்பர்கள். நான் ஒட்டுண்ணியை எடுத்திருக்கிறேன். வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்கிறார். என்னிடம் இன்னும் பதில் இல்லை. அறிவியல் பயிலும் தம்பி தங்கைகளே, “இது முடியுமா?” என்று கேட்கும் முன், “இது யாருக்குத் தேவை?” என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.