கடைசல் பட்டறையும் மூச்சும்
(சதிபட்டானம் – ஓர் அறிமுகப் பாடம்)



முதலாம் ஆண்டில் டர்னிங் ஷாப்பில் லேத்தின் முன் முதன்முதலாக நின்ற நாளை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். சக்கில் ஜாப் சுற்றுகிறது. டூல் நெருங்க நெருங்கக் கை நடுங்குகிறது. பின்னாலிருந்து இன்ஸ்ட்ரக்டர் குரல் வரும்: "தம்பி, கட் எடுக்கறப்ப கட்டப் பாரு. கேண்டீன அப்புறம் யோசிக்கலாம்."

இதே கடைசல் வேலையை உதாரணம் காட்டித்தான் புத்தர் தியானத்தை விளக்கினார் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. லேத் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்றல்லவா நினைத்திருந்தேன்! புத்தகத்தைத் தேடிப் பார்த்தேன். உண்மைதான். பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தில் 152 சூத்திரங்கள் உண்டு. அதில் பத்தாவது, சதிபட்டான சுத்தம். குரு நாட்டில் கம்மாசதம்மம் என்ற ஊரில் புத்தர் பிக்குகளுக்குச் சொன்னதாக அது தொடங்குகிறது. தேர்ந்த கடைசல்காரன் ஒருவனோ, அவனிடம் வேலை பழகும் பையனோ, நீளமாக இழுக்கும்போது நீளமாக இழுக்கிறோம் என்றும், குறுக்கி இழுக்கும்போது குறுக்கி இழுக்கிறோம் என்றும் தெரிந்தே செய்வதுபோல, தியானம் செய்கிறவன் தன் மூச்சு நீளமா குட்டையா என்று தெரிந்துகொண்டிருக்கிறான். உவமை இவ்வளவுதான். அந்தக் காலத்துக் கடைசலுக்கு மோட்டார் ஏது? கைகால் பலத்தில் இழுத்துச் சுற்றும் வேலை. முரசு போன்ற பெரிய உருப்படி என்றால் கைகாலை நீட்டி நீள இழுப்பு, தந்தத்தில் ஊசி போன்ற சின்ன உருப்படி என்றால் குட்டை இழுப்பு என்று பழைய உரை விளக்குகிறது.

இதில் எனக்குப் பிடித்தது, அந்த 'பழகும் பையன்'. தேர்ந்தவனுக்கு மட்டும்தான் இது வரும் என்று சொல்லவில்லை. அப்ரண்டிசையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்கிறது!

இன்னொன்றையும் கவனியுங்கள். மூச்சை அடக்கு, எண்ணு, இவ்வளவு நேரம் நிறுத்து என்று எதுவும் சொல்லவில்லை. பிராணாயாமத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மூச்சு அதன்பாட்டுக்கு வரட்டும், நீ தெரிந்துகொண்டிரு. வெர்னியரை வைத்து அளக்கும்போது ஜாபை நசுக்கிவிட்டு அளவு எடுக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுக்கிறார்களே, அதே கணக்கு.

'சதி' என்ற சொல்லைப் பார்த்து யாரும் பயந்துவிட வேண்டாம். நம் ஊர்க் கட்சிக் கூட்டங்களில் அடிபடுகிற சதி அல்ல இது. பாலியில் சதி என்றால் நினைவு, மறவாமை. எட்டு நெறிகளைத் தமிழில் சொல்லும்போது இதை 'நற்கடைப்பிடி' என்று எழுதும் வழக்கு உண்டு. கடைப்பிடி என்றால் மறக்காமல் உறுதியாகப் பிடித்துக்கொள்வது. 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று செல்போன் ஆப்களில் சந்தா கட்டி வாங்குகிற சரக்குக்கு நம்மிடம் எவ்வளவு நல்ல பெயர் இருந்திருக்கிறது பாருங்கள். அந்த ஆங்கிலப் பெயர் மருத்துவமனைகளுக்குள் நுழைந்ததற்கு முக்கியக் காரணம், 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபட்-சின் என்பவர் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்காகத் தொடங்கிய வகுப்பு.

சூத்திரம் நான்கு இடங்களைக் காட்டுகிறது: உடல், நுகர்வு, மனம், தம்மம். முதலாவதும் மூன்றாவதும் கேட்ட உடனே புரியும். நான்காவது பெரிய பாடம், இங்கே இடம் போதாது. இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். பாலியில் 'வேதனா'. தமிழில் வேதனை என்றால் துன்பம் மட்டும் என்று ஆகிவிட்டது. பாலியில் அப்படி இல்லை. இன்பம், துன்பம், இரண்டும் இல்லாதது என்று மூன்றும் வேதனாவில் அடங்கும். மணிமேகலையில் இதற்கு வைத்த பெயர் 'நுகர்வு'. சார்புகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று நான்கு சொற்கள் அடுத்தடுத்து வரும். பொறியில் ஒன்று வந்து படுவது ஊறு. பட்டதும் இனிக்கிறது, கசக்கிறது என்று உணர்வது நுகர்வு. இன்னும் வேண்டும், அல்லது உடனே ஒழிய வேண்டும் என்று துடிப்பது வேட்கை. அதைக் கட்டிப் பிடித்துக்கொள்வது பற்று.

இந்த வரிசையில் மனிதன் கை வைக்கக்கூடிய இடம் எது? ஊறைத் தடுக்க முடியாது. காது இருந்தால் சத்தம் விழத்தான் செய்யும். நுகர்வையும் தடுக்க முடியாது. முள் குத்தினால் புத்தருக்கும் வலிக்கும். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்தான் ஒரு சின்னச் சந்து இருக்கிறது. விபஸ்ஸனா என்ற பயிற்சி முழுவதும் அந்தச் சந்தில்தான் நடக்கிறது என்பது என் எண்ணம். இதற்குப் புத்தர் அம்புக் கதை ஒன்று சொல்கிறார். அம்பு பட்டவனுக்கு ஒரு வலி. அதை நினைத்துப் புலம்புகிறவனுக்கு இரண்டாவது அம்பும் பட்டது மாதிரி. முதல் அம்பு யாரையும் விடாது. இரண்டாவதை நாமே எய்துகொள்கிறோம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியவந்தது என்று சொல்ல வேண்டும். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் அப்பா நாகல் நகரில் பூட்டுப் பட்டறையில் லீவருக்கு அரம் போடுகிறவர். உருப்படிக் கூலி. நான் கணிதம்-2 இல் மூன்று முறை அரியர் வைத்தேன். படிக்காமல் இல்லை. ஹாலுக்குள் போய் வினாத்தாளை வாங்கியதும் அடிவயிற்றில் சுரீரென்று ஒரு சூடு கிளம்பும், விரல் நுனி சில்லிட்டுப் போகும். 'நம்மால முடியாது' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். மூன்றாவது முறை, வெளியே விடும் நேரம் வந்ததும் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். அப்பாவிடம் "நல்லா எழுதியிருக்கேம்ப்பா" என்று பொய் சொன்னேன். அந்தத் தேர்வுக் கட்டணம் அவர் எத்தனை லீவர் ராவிய காசு என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர்தான் காந்திகிராமம் பக்கம் செட்டியப்பட்டியில் இருக்கும் 'தம்ம மதுரா' விபஸ்ஸனா மையத்தைப் பற்றிச் சொன்னார். பத்து நாள் தங்க வேண்டும், காசு கிடையாது, பேசக் கூடாது. "இவனா? பத்து நாளு வாய மூடிக்கிட்டு இருப்பானா?" என்று அம்மா சிரித்தார். "பய சாமியாராப் போயிருவான்டி" என்று அப்பத்தாவுக்குக் கவலை.

அங்கே கற்றுத் தருவது எஸ்.என். கோயங்கா முறை. அவர் 1924-இல் பர்மாவில் மாண்டலேயில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலிக்கு வைத்தியம் தேடி அலைந்து, 1955-இல் சயாஜி ஊ பா கின் என்பவரிடம் போய்ச் சேர்ந்தார். இந்த ஊ பா கின் துறவி அல்ல, பர்மா அரசின் அக்கவுண்டன்ட் ஜெனரல்! தன் அலுவலக ஊழியர்களுக்கும் தியானம் சொல்லிக் கொடுத்தவர். அவருக்குக் குரு சயா தெட் என்ற விவசாயி. அந்த விவசாயிக்குக் குரு லெடி சயாடோ என்ற பெரும்புலமை பெற்ற பிக்கு. கோயங்கா 1969-இல் இந்தியா வந்து வகுப்புகள் தொடங்கினார். 1976-இல் மகாராஷ்டிரத்து இகத்புரியில் தம்மகிரி மையம் திறந்தது. 1994-இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். 2013-இல் அவர் காலமானார். இன்றும் வகுப்பு அவருடைய ஒலிப்பதிவில்தான் நடக்கிறது.

பர்மாவிலிருந்து ஏதோ புதுச்சரக்கு நம் ஊருக்கு வந்ததாக நினைத்துவிடக் கூடாது. முரசு, தந்த ஊசி என்று மேலே நான் சொன்ன பழைய உரையின் பெயர் பபஞ்சசூதனி. ஐந்தாம் நூற்றாண்டில் அதை எழுதிய புத்தகோசர், மயூரசுத்தபட்டணத்தில் தன்னோடு தங்கியிருந்த புத்தமித்திரர் என்ற தேரர் கேட்டுக்கொண்டதால் எழுதினேன் என்று குறித்திருக்கிறார். அது தமிழகக் கடற்கரைப் பட்டினம் என்பது அறிஞர் பலர் கருத்து, மயிலாப்பூர் என்பாரும் உண்டு. உறையூர்க்காரரான புத்ததத்தர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்துகொண்டு பாலியில் நூல் எழுதினார். போனது திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, செட்டியப்பட்டிக்கு வருகிறேன். காலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். 4.30-க்கு உட்கார வேண்டும். 11 மணிக்கு மதியச் சாப்பாடு. சாயங்காலம் புதிதாக வந்தவர்களுக்கு டீயும் பழமும் கொஞ்சம் பொரியும், அதோடு சரி. ராத்திரி 7 மணிக்கு உரை. முதல் மூன்றரை நாளும் மூக்குத் துவாரத்தில் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். ஆனாபானம் என்று பெயர். என் மனசு அந்த மூன்று நாளில் பழனி, கொடைக்கானல், ஓசூர் என்று போகாத ஊர் இல்லை. ஓடிய மனசைத் திட்டாமல் திரும்பக் கூட்டிவா என்பார்கள். திட்டாமல் என்பதுதான் கஷ்டம்!

நாலாம் நாள் விபஸ்ஸனா தொடங்கியது. தலை உச்சியிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு இடமாக என்ன உணர்ச்சி இருக்கிறது என்று பார்ப்பது. அதன் பிறகு தினம் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரப் பழக வேண்டும். அரை மணி தாண்டியதும் என் வலது முழங்காலில் ஆணி இறக்கியதுபோல வலித்தது. உள்ளே குரல் வந்தது: 'நம்மால முடியாது.' அட, இது பரீட்சை ஹாலில் கேட்ட அதே குரலல்லவா! அந்த நிமிஷத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. வலி வேறு, குரல் வேறு. இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தேன். வலியை மட்டும் தனியாகப் பார்த்தால் அது ஒரே கட்டியாகவும் இல்லை. கொஞ்சம் சூடு, கொஞ்சம் துடிப்பு, கொஞ்சம் இறுக்கம். அதுவும் இடம் மாறுகிறது, கூடுகிறது, குறைகிறது. இந்த மாறுதலைத்தான் பாலியில் அனிச்சம் என்கிறார்கள், மணிமேகலை அநித்தம் என்கிறது. புத்தகத்தில் படித்தால் இது ஒரு வரி. முழங்காலில் படித்தால்தான் விபஸ்ஸனா.

இந்த முறையே முழுமை என்று நான் வாதாட வரவில்லை. மஹாசி சயாடோ வழியில் வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனதுக்குள் குறித்துக்கொண்டே போவார்கள். நம் மாவட்டத்திலேயே கொடைக்கானல் மலையில் பெருமாள்மலையில், ஏசு சபைப் பாதிரியாரான ஆமா சாமி நிறுவிய போதி ஜென்டோ இருக்கிறது. அங்கே ஜென் முறை. எதுவானாலும் விடாமல் செய்வதற்கு ஒன்றைப் பிடித்தால் நல்லது.

வீட்டில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு: காலையில் கால் மணி நேரம் போதும். சம்மணமோ நாற்காலியோ, முதுகு நிமிர்ந்திருந்தால் சரி. செல்போன் வேறு அறையில். மூச்சு நீளமா குட்டையா என்று மட்டும் பாருங்கள். ரொம்ப முறுக்க வேண்டாம். சோணர் என்ற பிக்கு கால் வெடித்து ரத்தம் வரும்வரை நடந்து நடந்து தியானம் செய்து சலித்துப்போனார். வீட்டில் இருந்தபோது வீணை வாசித்தவர் அவர். நரம்பை அதிகம் முறுக்கினாலும் தளரவிட்டாலும் நாதம் வருமா என்று புத்தர் அவரைக் கேட்டாராம். அதேபோல, மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், ராத்தூக்கம் இல்லாமல் தவிக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பத்து நாள் வகுப்புக்குப் போகக் கூடாது. விண்ணப்பத்தில் அதைக் கேட்பார்கள், மறைக்காதீர்கள். மௌனத்தில் உட்காரும்போது எல்லோருக்கும் நல்லது மட்டுமே கிளம்பும் என்று சொல்ல முடியாது.

நான்காவது முறை கணிதம்-2 எழுதப் போனேன். தியானத்தால் பாஸ் ஆனேன் என்று எழுதினால் அது பொய். நான்கு மாதம் டியூஷன் போனேன். ஆனால் வினாத்தாள் கைக்கு வந்ததும் அதே சூடு, அதே இடத்தில் கிளம்பியது. பேனாவை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். போய்விடவில்லை, மங்கிவிட்டது. இரண்டாவது கேள்வியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். 52 மதிப்பெண். அரியர் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்த ஓசூர் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது. பழைய பொய்யையும் அன்றுதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அரத்தைத் துடைத்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்துப் பட்டறைத் திண்ணையில் கடைசல்காரன் உவமையை அவரிடம் சொன்னேன்.

"இதுக்கு எதுக்குடா பத்து நாளு செட்டியபட்டி? இங்கன வந்து உக்காந்தா நாஞ் சொல்லித் தந்திருப்பேன். அரம் போற சத்தம் மாறுனா கை தன்னால நிக்கணும், அம்புட்டுதான்."

கொஞ்ச நேரம் லீவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏன்டா, நீளமா குட்டையான்னு பாத்தாப் போதுமா? வேற ஒண்ணும் செய்ய வேணாமா?"

"வேணாம்ப்பா."

கண்ணை மூடிக்கொண்டார். எதிரே டீக்கடை ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"எனக்குக் குட்டையாத்தாண்டா வருது" என்றார் கண்ணைத் திறக்காமல்.