வெள்ளீயமும் காரீயமும்

பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். ஆகையால் உள்ளே ஈயம் பூசுகிறோம். பூசத் தக்கது 232 பாகை செல்சியசில் உருகும் வெள்ளீயமே. காரீயம் நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. இரண்டையும் ஈயம் என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். காரீயம் மலிவானதால் கலப்போரும் உளர். வெள்ளீயக் கட்டியை வளைத்தால் கிறீச்சிடும். காரீயம் ஓசையின்றி வளையும், தாளில் தேய்த்தால் கரிய கோடு விழும். எனினும் சிறிதளவு கலப்பை இச்சோதனை காட்டாது, ஆய்வுக்கூடமே காட்டும்.

டிராக்டரின் பழைய பாட்டரித் தகடுகளும் காரீயமே. அதனை மீண்டும் மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம். ஆனால் கொல்லைப்புறத்தில் அன்று. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய பாட்டரியைச் சேகரிப்போரிடமோ மறுசுழற்சி செய்வோரிடமோ ஒப்படைத்தல் வேண்டும். ஊருக்குள் உருக்கும் அடுப்பு எரிந்தால் பஞ்சாயத்து உறுப்பினர்கள் உடனே நிறுத்துவாராக. அடுப்பு அணைந்த பின்னரும் நஞ்சு அம்மண்ணில் தங்கும். அங்கேதான் நம் குழந்தைகள் விளையாடுகின்றனர்.