நிறம் மாறும், அமைப்பு மாறாது: கணவாய் வழியே வகைப்பாடு கற்போம்

உயிரினங்களை வகைப்படுத்தச் சொன்னால் பல மாணவர்கள் முதலில் நிறத்தையே பார்ப்பார்கள். நொடியில் நிறம் மாற்றும் உயிரிகளைக் காட்டினால், "அப்படியானால் எதை நம்புவது?" என்ற கேள்வி அவர்களிடமே எழும். ஆக்டோபஸ் எனப்படும் பேய்க்கணவாயும் ஓட்டுக்கணவாயும் இதற்கு ஏற்றவை. இவற்றின் தோலிலுள்ள நிறமிப் பைகளைத் தசைகள் இழுத்து விரிக்கும்போது நிறம் மாறுகிறது.

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவை அடுத்த லெம்பே நீரிணையில் இவற்றில் பல இனங்கள் வாழ்கின்றன. கரிய எரிமலை மணல் படிந்த அக்கடலடியில் முக்குளிப்போர் இவற்றைப் படிப்படியாகவே இனங்காண்கின்றனர்.

படி 1: குழுவை அறிதல்

8 கைகள் மட்டும் இருந்து, கண்பாவை கிடைக்கோடாக இருந்தால் பேய்க்கணவாய். 8 கைகளுடன் இரை பிடிக்க 2 நீண்ட கரங்கள், உடலைச் சுற்றித் துடுப்பு, உள்ளே ஓடு ஆகியவை இருந்தால் ஓட்டுக்கணவாய். நம் மீனவர் வைத்த பெயரே மாறாத பண்பைச் சுட்டுவதை மாணவர்களுக்கு உணர்த்துங்கள்.

படி 2: இனத்தை அறிதல்

மிமிக் ஆக்டோபஸ், வண்டர்பஸ் இரண்டும் பழுப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்டவை. கைகளில் உறிஞ்சிகளின் அடியையொட்டி வெள்ளைக்கோடு ஓடினால் அது மிமிக். வண்டர்பஸ்ஸின் வெள்ளைக் குறிகள் கூர்மையான விளிம்புடையவை. ஒவ்வொரு விலங்கிலும் வேறுபடுபவை. தேங்காய் ஆக்டோபஸ் சிரட்டைகளைச் சுமந்து சென்று அவற்றுள் ஒளியும். ஃபிளம்பாயன்ட் கணவாய் சிறியது. பெரும்பாலும் தரையில் நடக்கும். அகன்ற கைகளுடைய பிராட்கிளப் கணவாயின் உடல் 50 செ.மீ. வரை வளரும்.

வகுப்பறைச் செயல்பாடு

ஓர் இனத்திற்கு ஓர் அட்டை தயாரியுங்கள். நிறத்தை எழுதாமல் கைகள், ஓடு, குறிகள், நடத்தை ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். மாணவர்கள் குழுவாக 'ஆம், இல்லை' வினாக்களைக் கேட்டு இனத்தைக் கண்டறியட்டும். எந்த வினா அட்டைகளை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரித்தது என்பதைக் கரும்பலகையில் குறியுங்கள். நல்ல வகைப்பாட்டு வினா எது என்பது அப்போது விளங்கும்.

மதிப்பீடு

நீலவளைய ஆக்டோபஸ் உள்ளங்கையில் அடங்கும் அளவினது. அமைதியாக இருக்கையில் மங்கிய பழுப்பாகத் தெரியும். மிரண்டால்தான் வளையங்கள் பளிச்சிடும். அதன் கடியிலுள்ள டெட்ரோடோடாக்சின் நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். இதற்கு மாற்று மருந்து இல்லை. "நீல நிறம் தெரியவில்லை, ஆகவே ஆபத்தில்லை" என்று ஒருவர் சொன்னால் என்ன பதில் தருவீர்கள் என்று கேளுங்கள். கடலோரப் பள்ளி மாணவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் வலியுறுத்துங்கள்: பெயர் தெரியாத கடல்வாழ் உயிரியைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும், கையால் தொடக்கூடாது.