புக்கிட் காயு ஹீத்தாம் தாண்டுமுன்: கெடாவிலிருந்து காரில் ஹாட்யாய்

சுங்கை பட்டாணியில் நெடுஞ்சாலை ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வந்துவிடும். கூப்பிடு தூரம்தானே என்ற நினைப்பில் பலர் ஆயத்தமே இல்லாமல் கிளம்புகிறார்கள். தாய்லாந்துப் பயணத்துக்கு விசா வேண்டாம் என்பது சரிதான். ஆனால் மற்ற தாள்கள் வேண்டும்.

முதலில் கடப்பிதழ். பயண நாளிலிருந்து குறைந்தது 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும், முத்திரை குத்த வெற்றுப் பக்கமும் இருக்க வேண்டும். 5 ஆண்டுக் கடப்பிதழுக்கு 200 வெள்ளி; முதியவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் 100. கெடாவில் குடிநுழைவு அலுவலகங்களுக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதைப் பினாங்கில் வேலை பார்ப்பவர்கள் மறந்துவிடுவார்கள். கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ் வேண்டும். தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் அழைத்துப் போவதானால் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய தோட்டத்துக் குடும்பங்களில் சிவப்பு அடையாள அட்டைக்காரப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளான அவர்களுக்கு மலேசியக் கடப்பிதழ் கிடையாது. தங்கள் நாட்டுக் கடப்பிதழும், மலேசியாவுக்குத் திரும்பி வருவதற்கான நுழைவு அனுமதியும் கையில் இல்லாமல் பாட்டியை வேனில் ஏற்றாதீர்கள். வருமான வரி பாக்கியோ திவால் வழக்கோ உள்ளவர்கள், தங்கள்மேல் பயணத் தடை இருக்கிறதா என்று குடிநுழைவுத் துறையின் இணையச் சேவையில் முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது மின்னியல் வருகை அட்டை. 2025 மே 1 முதல், கடப்பிதழோடு தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லாரும் இதை நிரப்ப வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் தாய்லாந்து குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் செய்யலாம். கட்டணம் கிடையாது, பணம் கேட்டால் அது வேறு யாரோ நடத்தும் தளம். இதில் நம்மவர்களைக் குழப்புவது பெயர்ப் பகுதிதான். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி' வேறு. கடப்பிதழின் படப் பக்கத்தில் அடியில் இரண்டு வரி அச்சாகியிருக்கும். எந்திரம் படிப்பது அதைத்தான், அதில் சாய்கோடு இருக்காது. பெயர் அங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அப்பா பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டு நீங்களாகப் புதுப் பெயர் படைக்க வேண்டாம். நிரப்பி முடித்ததும் வந்து சேரும் குறியீட்டைக் கைப்பேசியில் படமாகச் சேமித்து, ஒரு தாளிலும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லையில் அதிக நேரத்தை விழுங்குவது கார்தான். வாகனப் பதிவுச் சான்று, அதாவது 'கெரான்', நகலோடு வேண்டும். கார் மாமா பெயரில் இருந்தால் அவரது அனுமதிக் கடிதம். கடன் முடியாத கார் என்றால் வங்கியின் கடிதம். நம் காப்புறுதி அங்கே போதாது. தாய்லாந்து மூன்றாம் தரப்புக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். எல்லைக்கு முன் வரும் சாங்லூன் சாலையோரக் கடைகளில் அதை விற்கிறார்கள், குடிநுழைவுக்கான வாகனப் படிவங்களையும் தட்டச்சு செய்து தருவார்கள். அந்தச் சில வெள்ளியை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நம் ஓட்டுநர் உரிமமே செல்லும். ஆசியான் நாடுகள் 1985இல் செய்த ஒப்பந்தம் அது. தாய்லாந்து சுங்கத்தில் வாங்கும் தற்காலிக இறக்குமதித் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

கார் வேண்டாமென்றால் கொமுட்டர் ரயிலில் பாடாங் பெசார் போகலாம். அந்த நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும், ஹாட்யாய்க்குத் தாய்லாந்து ரயில் மாறலாம். ஜப்பானியர் காலத்தில், 1943இல், நம் தோட்டத்து மனிதர்களைச் சயாம் மரண ரயில் வேலைக்கு அள்ளிப்போன பாதையும் இந்தத் தண்டவாளம்தான்.

நேரமும் நாளும் பார்ப்பது முக்கியம். தாய்லாந்துக் கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடும். சோதனைச் சாவடி இரவு முழுக்கத் திறந்திருக்காது. திரும்பும்போது இந்தக் கணக்கில்தான் தடுமாறுவார்கள். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். நம் சித்திரைப் புத்தாண்டும் அதே நாள்களில் வருவதால் கூட்டம் சொல்லி மாளாது. நவம்பர், டிசம்பர் மழைக்காலம். 2010இலும் 2025இலும் ஹாட்யாய் மூழ்கியது நவம்பரில்தான். அந்த மாதங்களில் அறைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் வானிலை அறிக்கையைப் பாருங்கள்.

பாட் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். பல கடைகளில் நம் வங்கிச் செயலியிலேயே குறியீட்டை வருடிப் பணம் கட்டலாம்.

மின்சிகரெட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், அங்கே அது குற்றம். கெத்தும் இலை கதை தலைகீழ்: 2021 முதல் தாய்லாந்தில் தடையில்லை, ஆனால் இந்தப் பக்கம் பிடிபட்டால் வழக்கு. கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட் எதுவானாலும் பையில் ஏறக்கூடாது. பொட்டலத்தைப் படிக்காமல் பிள்ளைகளுக்கு இனிப்பு வாங்காதீர்கள். தீபாவளிக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று பட்டாசும் வேண்டாம்.

முத்திரை விழுந்ததும் அதிலுள்ள கடைசித் தேதியைப் படியுங்கள். காரின் இறக்குமதித் தாளில் உள்ள தேதி வேறாக இருக்கலாம், அது தனிக் கணக்கு. வெளியேறும்போது அந்தத் தாளைச் சுங்கத்தில் ஒப்படைக்காமல் வந்தால் கார் இன்னும் தாய்லாந்திலேயே இருப்பதாகப் பதிவாகியிருக்கும். அடுத்த முறை போகும்போது அபராதம் கட்ட நேரலாம்.