புதிய வடிவமும் பழைய விதியும்

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மாறி மாறி வரும் மலேசியாவில் கம்பளி உடைக்கு அதிகத் தேவை இல்லை. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, கடல் நடுவே உள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் நிலை வேறு. அங்குக் குளிர்காற்று அடிக்கடி பலமாக வீசும். மரங்கள் குறைவு, செம்மறியாடுகளோ ஏராளம். எனவே, கம்பளி நூலால் சால்வையும் மேற்சட்டையும் பின்னுவது அங்குள்ள பெண்களுக்கு வாழ்வாதாரமாக விளங்கியது.

இத்தீவுகளுள் ஒன்றான அன்ஸ்ட், மெல்லிய சால்வைக்குப் பெயர் பெற்றது. முழுச் சால்வையையும் ஒரு மணமோதிரத்தின் வழியே இழுத்துவிடலாம் என்னும் அளவுக்கு அதன் நூல் மெல்லியது. மற்றொரு தீவான ஃபேர் ஐல், பல வண்ணக் கோலங்கள் கொண்ட மேற்சட்டைக்குப் புகழ் பெற்றது. 1922ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் இளவரசர் எட்வர்ட் அத்தகைய சட்டையை அணிந்து குழிப்பந்து விளையாடினார். அதன்பின், மீனவர் அணிந்த அந்த உடை நகரத்தாரின் நாகரிக உடையாகவும் மாறியது.

2010ஆம் ஆண்டு முதல், இலையுதிர் காலத்தில் அங்குக் ‘கம்பளி வாரம்’ கொண்டாடப்படுகிறது. அதற்காக ஆண்டுதோறும் புதிய தொப்பி வடிவம் ஒன்று வெளியிடப்படுகிறது. 2015ஆம் ஆண்டின் தொப்பியைச் சுற்றிச் செம்மறியாடுகள் வரிசையாக நின்றன. பல நாட்டினரும் அந்தத் தொப்பியைத் தாமே பின்னி அணிந்து மகிழ்கின்றனர்.

பருவந்தோறும் புதிய வடிவங்கள் தேவையா? இதைப் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன.

தேவையில்லை என்போர், பழைய வடிவங்கள் பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கைவழியாக வந்தவை என்கின்றனர். எல்லாரும் புதியதையே நாடினால் அவை மறைந்துவிடும். மேலும், ஒரு சட்டையைக் கையால் பின்னி முடிக்கப் பல வாரங்கள் ஆகும். அதனை ஒரு பருவத்தோடு ஒதுக்கிவிடுவது உழைப்பை அவமதிப்பதாகும்.

தேவை என்போர் வருமானத்தைச் சுட்டிக்காட்டுகின்றனர். முற்காலத்தில் வணிகர்கள் பின்னலுக்குப் பணம் தராமல் தேயிலை, துணி போன்ற பொருள்களையே கொடுத்தனர். 1872இல் வெளிவந்த அரசாங்க விசாரணை அறிக்கை இதனைப் பதிவு செய்துள்ளது. இன்றோ, புதிய வடிவத்தை உருவாக்குபவர் அதனைத் தம் பெயரிலேயே விற்கலாம். உழைப்புக்கு ஊதியம் கிடைத்தால்தான் இளையோர் இக்கலையைக் கற்க முன்வருவர் என்பது அவர்களின் வாதம்.

இரு தரப்பினரும் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஃபேர் ஐல் பின்னலில், பொதுவாக ஒரு வரிசைக்கு இரண்டு வண்ணங்களே இடம்பெறும். முன்புறம் தெரியாத நூல் பின்புறமாக ஓடும். இதனால் துணி இரட்டை அடுக்காகி, உடல் வெப்பத்தைக் காக்கிறது. ஒரே வரிசையில் ஐந்து வண்ணங்களைச் சேர்த்தால் நூல்கள் சிக்கும். துணியும் தடித்து விறைக்கும். நட்சத்திரத்திற்குப் பதிலாகச் செம்மறியாடு வரலாம். ஆனால், குளிரைத் தாங்க உதவும் விதி மாறுவதில்லை.

ஆகவே, புதிய வடிவத்தை மதிப்பிட விரும்புவோர் அதன் முன்புற அழகை மட்டும் பார்த்தால் போதாது. உடையைத் திருப்பி அதன் உட்புறத்தையும் பார்க்க வேண்டும்.