துவரம்பருப்பும் நாலு மடிப்புத் துண்டும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கோபம் முந்திக்கொண்டதால் ஆறட்டும் என்று வைத்திருந்தேன். "மார்பகச் சுயபரிசோதனையை வார்டு வார்டாகச் செய்து காட்டுகிறோம். வகுப்புக்கு வந்த சர்ஜன், அதனால் ஒரு பயனும் இல்லை, ஷாங்காயிலேயே நிரூபித்தாகிவிட்டது என்கிறார். எங்கள் சார்ட்டையெல்லாம் என்ன செய்வது மேடம்?" என்று கேட்டிருந்தாய். கோபம் உன்மேல் இல்லை. ஆய்வின் கடைசி வரியை மட்டும் வகுப்பில் வீசிவிட்டுப் போகிறவர்கள்மேல் ஒரு பங்கு. சார்ட்டுக்குக் கலர் அடித்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினால் பாடம் முடிந்தது என்று நினைக்கிற நம் ஆட்கள்மேல் மூன்று பங்கு.

சர்ஜன் பொய் சொல்லவில்லை. ஷாங்காய் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த 2,66,064 பெண்களை, 1989இல் தொடங்கி, ஆலை ஆலையாக இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் கூட்டம் போட்டுக் கலைந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப நினைவூட்டி, ஐந்து வருடம் மேற்பார்வையில் செய்யவைத்தார்கள். 2002இல் முடிவு வந்தது. கற்றுக்கொண்ட பிரிவில் மார்பகப் புற்றால் இறந்தவர்கள் 135 பேர், மற்றதில் 131. புற்றல்லாத சாதாரணக் கட்டிகளுக்கு எடுத்த பயாப்சிதான் கூடியது.

ஆனால் அந்தப் பெண்களுக்கு ஆலைக்குள்ளேயே மருத்துவப் பிரிவு இருந்தது. சந்தேகம் வந்தால் காட்ட நாலடி நடந்தால் போதும். நம் பெண்ணின் நிலைமை வேறு. குளிக்கும்போது கட்டி அவள் கையில் என்றைக்கோ தட்டுப்பட்டுவிட்டது. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டாள். மகளின் பிரசவம் ஆகட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதையும் நம்பினாள். கட்டியைத் தேடச் சொல்லிக்கொடுப்பதைவிட, தேடிக் கண்டவள் அதைக் கொண்டுவந்து காட்ட ஒரு ஆளாக இருப்பதுதான் நமக்கு வேலை என்பது என் முடிவு. சார்ட் இருக்கட்டும். மாதம் ஒரு தேதி குறித்துச் செய்யாவிட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் பெண்களை மிரட்டாதே. தன் மார்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும், மாறினால் அந்த வாரமே வர வேண்டும். அதைச் சொல்லு.

இப்போது மும்பைக்கு வா. சர்ஜன் இதைச் சொல்லியிருக்க மாட்டார், எழுதித் தருகிறேன். டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வு. 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள், பெரும்பாலும் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள். ஒரு பாதிப் பேருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை என்று நாலு சுற்று மார்பைத் தொட்டுப் பரிசோதித்தார்கள். மமோகிராம் கிடையாது. தொட்டுப் பார்த்தது டாக்டர்களும் இல்லை. பயிற்சி கொடுத்துத் தயார்செய்த சுகாதாரப் பணிப்பெண்கள்! இருபது வருடம் தொடர்ந்து கவனித்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள். முற்றிய நிலையில், அதாவது மூன்றாம், நான்காம் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பரிசோதித்த பிரிவில் 37 சதவீதம், மற்றதில் 47. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அப்படிக் குறையவில்லை. எல்லா வயதையும் சேர்த்தால் வந்த 15 சதவீதக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம். இதையும் மறைக்காமல் சொல்லு, இல்லாவிட்டால் நாமும் அந்த சர்ஜன் மாதிரி ஆகிவிடுவோம். முப்பதிலிருந்து அறுபத்தைந்து வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை இந்தப் பரிசோதனை என்று நம் அரசுத் திட்டத்திலும் இருக்கிறது. செய்யப்போவது நீயும் உன் வகுப்புத் தோழிகளும்தான்.

சரி, உன் விரல் தயாரா? ரிஸ்க் ஃபேக்டர் பட்டியலைத் தலைகீழாக ஒப்பிப்பாய், தெரியும். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பேர் நகம் படும்படி விரல் நுனியால் குத்திப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ரேகை வைக்க மையில் அழுத்துவோமே, அந்தச் சதைதான் தொட வேண்டும். நடு மூன்று விரல். காசு அளவு வட்டம். ஒரே இடத்தில் லேசாக ஒரு வட்டம், கொஞ்சம் அழுத்தி ஒன்று, விலா எலும்பு தட்டும்வரை ஒன்று. அப்புறம்தான் விரல் நகர வேண்டும். உழவில் சால் ஒட்டிச் சால் போடுகிற மாதிரி மேலும் கீழுமாக, காறை எலும்பிலிருந்து மார்பின் அடிக்கோடு வரை. அக்குளை விட்டுவிடாதே. எவ்வளவு நேரம் என்று கேட்காதே. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை என்றால் நீ சரியாகப் பார்க்கவில்லை.

சிலிக்கான் மாடல் இல்லை என்று சாக்குச் சொல்வாய். துவரம்பருப்பு ஒன்றை நாலாய் மடித்த துண்டுக்கு அடியில் தோழியை ஒளித்துவைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு தேடு. கிடைத்துவிட்டால் எட்டு மடிப்பு. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய கைகள் என் காலத்தில் இதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டன. உங்கள் தலைமுறைக்கு பாக்கெட் அரிசி, ஒரு மாதம் ஆகலாம்.

தொட்டால் மட்டும் போதாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதத்தை வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்த இரண்டாவது வருடம், காம்பில் அரிப்பும் பொருக்குமாக ஒரு அம்மா வந்தார். ஒரு பக்கம் மட்டும். நான் கட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சொறிக்குத் தருகிற களிம்பைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது அக்குளில் நெறி கட்டியிருந்தது. பேஜட் நோய் என்று ஒன்று இருப்பதை அப்புறம்தான் படித்தேன். அந்த அம்மா என்னைக் குறைசொல்லவில்லை. "நீங்க குடுத்த மருந்து நல்லாத்தான் கேட்டுச்சு சிஸ்டர், ரெண்டு நாள்" என்றார். ஒரு காம்பில் மட்டும் ஆறாத சொறி, பால் கொடுக்கும் தாய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காத சிவப்பு, ஆரஞ்சுத் தோல் மாதிரிக் குழி விழுந்த தோல், இவற்றில் கட்டியைத் தேடிக்கொண்டு நிற்காதே, அனுப்பு.

பேச்சு எங்கேயோ போகிறது, இன்னும் கொஞ்சம் போகட்டும். ஃபேனி பர்னி என்று ஒரு ஆங்கில நாவலாசிரியை. பாரிஸில் இருந்தபோது மார்பில் வலி வந்தது. டாக்டரிடம் காட்ட அவருக்கு மனமில்லை, கணவர்தான் வற்புறுத்தினார். 1811 செப்டம்பர் 30 அன்று, நெப்போலியன் படையின் மருத்துவர் லாரே அறுவை செய்தார். ஈதர் மயக்க மருந்தாக வந்தது 1846இல்தான், ஆகவே கொஞ்சம் மதுவோடு சரி. முகத்தில் போட்ட மெல்லிய கைக்குட்டை வழியே கத்தி மின்னியது தெரிந்ததாம். இதையெல்லாம் அக்காவுக்குக் கடிதமாக எழுதி முடிக்க அவருக்கு மாதக்கணக்கில் ஆனது. அதற்குப் பிறகு 1840 வரை உயிரோடு இருந்தார். லாரேயின் திறமையைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் வேறொரு இடம். கறுப்பு உடை போட்ட ஏழு ஆண்கள் அறைக்குள் வந்ததும், பெண்களெல்லாம் வெளியே போங்கள் என்று உத்தரவாகிறது. இருக்கட்டும் என்று பர்னி வாதாடுகிறார். அதற்குள் பணிப்பெண்ணும் ஒரு செவிலியும் ஓடிவிட்டார்கள். இன்னொரு செவிலியைப் பக்கத்தில் வரச் சொன்னார். அவள் வந்தாள். இருபது தடவையாவது அந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன்.

போன மாதம் ஒரு பரிசோதனை அறையைப் பார்த்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். கட்டில் புதுசு, சுவரில் ரோஸ் ரிப்பன் ஒட்டிய போஸ்டர், கைகழுவ சென்சார் குழாய். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் நின்ற பத்து நிமிடத்தில் மூன்று பேர் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்கள், ஒருவர் டீ கொண்டுவந்தவர். அந்த அறையில் எந்தப் பெண் ரவிக்கைக் கொக்கியைக் கழற்றுவாள்? அங்கே இருந்த செவிலியிடம் கேட்டதற்கு, இந்த வருடம் யாருக்கும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

உங்கள் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? பார்த்து எழுது. இல்லையென்றால் முப்பதோ நாற்பதோ ஆகும். மேலே கடிதம் எழுதிக் காத்திருக்காமல் நீயே வாங்கி அடித்துவிடு, பணம் நான் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய டியூட்டர்