மலை ஏறாத திருப்பதிப் பயணம்

சித்தூருக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கே ஒரு கணவரும் மனைவியும் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு கறவை மாடுகள் உண்டு. கொஞ்சம் மாந்தோப்பும் உண்டு. கல்யாணம் ஆகி 22 ஆண்டுகள் ஆகின்றன.

இருவரும் பலமுறை திருப்பதிக்குப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மொட்டை போடப் போனார்கள். காது குத்தப் போனார்கள். ஒவ்வொரு முறையும் கூடவே பத்துப் பேர் வந்தார்கள். இருவர் மட்டும் தனியாக எங்கும் போனதில்லை.

இப்போது மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மகன் பெங்களூரில் வேலை செய்கிறான். வீடு அமைதியாக இருக்கிறது. ஒரு நாள் மனைவி கேட்டார்:

"ஏங்க, நாம ரெண்டு பேரு மட்டும் ஒரு நாளு எங்கயாவது போய் வரலாமா?"

"இந்த வயசுல எங்க மே போறது? ஊரு சிரிக்கும்."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போவட்டும். திருப்பதியில புலி, சிங்கம் எல்லாம் இருக்குதாமே. எத்தனை வாட்டி அந்தப் பக்கம் போயிருக்கோம். ஒரு வாட்டி கூடப் பார்க்கல."

கணவர் யோசித்தார். பிறகு சரி என்றார்.

மாட்டை யார் பார்ப்பது? அன்று மாலை பால் கறக்க ஓரகத்தி ஒப்புக்கொண்டாள். மிருகக்காட்சி சாலைக்கு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு. அதைப் பக்கத்து வீட்டுப் பையன் விசாரித்துச் சொன்னான். முன்பு ஒரு குடும்பம் விசாரிக்காமல் போய்விட்டது. பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பி வந்தது.

காலையில் இருவரும் பேருந்தில் ஏறினார்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திராவில் பெண்களுக்குச் சில வகை அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. மனைவி ஆதார் அட்டையைக் காட்டினார். நடத்துநர் காசு வாங்காமல் சீட்டுக் கொடுத்தார். கணவர் மட்டும் காசு கொடுத்தார். "உன்னால பாதிச் செலவு மிச்சம்" என்று சிரித்தார்.

மனைவி பிறந்த ஊர் குடியாத்தம் பக்கம். மாலை வகுப்பில் முதலில் தமிழ் எழுத்துப் படித்தார். இப்போது தெலுங்கு எழுத்தும் கற்று வருகிறார். வீட்டில் பேசுவது தமிழ். சந்தையில் பேசுவது தெலுங்கு. சித்தூர்ப் பக்கம் இது புதிதல்ல. 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் சித்தூரும் வேலூரும் வட ஆற்காடு என்ற ஒரே மாவட்டத்தில் இருந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதியும் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகிவிட்டது.

பூதலப்பட்டு வந்தது. பிறகு சந்திரகிரி வந்தது. மனைவி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் எழுத்துக் கூட்டிப் படித்தார். சில பலகைகள் படித்து முடிக்கும் முன்பே ஓடிவிட்டன.

திருப்பதியில் இறங்கி ஆட்டோ பிடித்தார்கள். சேஷாசல மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ஸ்ரீ வெங்கடேஸ்வரா மிருகக்காட்சி சாலை. 1987 செப்டம்பர் 29-ல் இது தொடங்கப்பட்டது. இதன் பரப்பு 5,500 ஏக்கருக்கு மேல். சென்னை வண்டலூர் பூங்கா சுமார் 1,500 ஏக்கர்தான். திருப்பதியில் எல்லா இடத்திலும் கூண்டு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி காடாகவே இருக்கிறது.

முதலில் மான்களைப் பார்த்தார்கள். புள்ளிமானுக்குக் கொம்பு கிளை கிளையாக இருந்தது. வெளிமானுக்குக் கொம்பு முறுக்கிய கயிறு போல இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. புள்ளிமானின் கொம்பு விழுந்துவிடும். பிறகு புதிதாக முளைக்கும். வெளிமானின் கொம்பு, மாட்டுக் கொம்பு மாதிரி. விழாது. வெளிமான்தான் ஆந்திராவின் மாநில விலங்கு.

ஒரு மான் படுத்து அசைபோட்டது. "நம்ம லட்சுமி மாதிரியே மெல்லுது பாருங்க" என்றார் மனைவி. லட்சுமி அவர்கள் வீட்டுப் பசு. மானுக்கும் மாட்டைப் போலவே வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. அவசரமாக மேயும். பிறகு நிழலில் படுத்து, தின்றதை வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். அதனால்தான் இரண்டுக்கும் பிளாஸ்டிக் கவர் எமனாகிறது. சோற்று வாசனைக்குக் கவரோடு விழுங்கிவிடும். அது செரிக்காது. வெளியே வராது. முதல் அறையிலேயே தங்கிவிடும். மேலும் மேலும் சேர்ந்து பந்து போல ஆகும். விலங்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். ஆனால் இளைத்துக்கொண்டே போகும்.

மனைவி புளிச்சோற்றை எவர்சில்வர் தூக்கில் கொண்டுவந்திருந்தார். மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு குரங்கு வந்து பார்த்தது. அவர்கள் ஒன்றும் போடவில்லை. அது கோபித்துக்கொண்டு போனது.

பிறகு வெள்ளைப்புலி. கணவர் அது வேறு நாட்டுப் புலி என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. அதுவும் நம் நாட்டுப் புலிதான். மிக அரிதாக மஞ்சள் புலிக்கு வெள்ளைக் குட்டி பிறக்கும். 1951-ல் மத்தியப் பிரதேசத்தின் ரேவா பகுதிக் காட்டில் அப்படி ஒரு குட்டி பிடிபட்டது. அதற்கு மோகன் என்று பேர் வைத்தார்கள். மோகனை அதன் மகளோடே சேர்த்து வெள்ளைக் குட்டிகள் எடுத்தார்கள். பல பூங்காக்களில் உள்ள வெள்ளைப்புலிகள் அந்த வம்சம்தான். ஒரே இரத்தத்தில் சேர்த்ததால் பலவற்றுக்கு மாறுகண் வந்தது. வேறு குறைகளும் வந்தன.

"மாட்டு டாக்டரும் இதைத்தானே சொல்வாரு. கன்னுக்கு அதோட அப்பன் காளையோட ஊசியே போடாதேன்னு" என்றார் கணவர். பால் மாடு வைத்திருப்பவருக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

கணவர் சிறுவனாக இருந்தபோது சித்தூரில் சர்க்கஸ் பார்த்திருக்கிறார். சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்ததாம். கை வலிக்கத் தட்டினாராம். "அது நெருப்புல பாய எத்தனை அடி வாங்குச்சோ" என்றார் மனைவி. கணவர் பதில் பேசவில்லை.

1998-ல் மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்டக்கூடாது என்றது. சர்க்கஸ் முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றம் அரசின் உத்தரவு செல்லும் என்று தீர்ப்புக் கூறியது. அப்போது நாடு முழுவதும் சர்க்கஸ் கூண்டுகளில் நூற்றுக்கணக்கான விலங்குகள் இருந்தன. அவற்றைக் காட்டில் விட முடியுமா? முடியாது. அவற்றுக்கு வேட்டையாடத் தெரியாது. மனிதனைக் கண்டு ஒதுங்கவும் தெரியாது. எனவே சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தார்கள். திருப்பதி அவற்றில் ஒன்று. விசாகப்பட்டினம், வண்டலூர், பெங்களூருக்கு அருகே பன்னர்கட்டா ஆகிய இடங்களிலும் அமைத்தார்கள்.

நின்றால் திரும்ப இடமில்லாத கூண்டில் வளர்ந்த சிங்கங்கள் இங்கே வந்தன. மண்ணில் நடந்தன. அந்தச் சிங்கங்களில் பல, இந்தியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்தவை. அதனால் அவற்றைக் குட்டி போட விடவில்லை. சாகும்வரை சோறு போட்டுக் காப்பது மட்டுமே வேலை. கலப்பில்லாத இந்தியச் சிங்கம் காட்டில் வாழ்வது குஜராத்தில் மட்டுமே. 2025 கணக்கெடுப்பில் அங்கே 891 சிங்கங்கள் இருந்தன.

பேசிக்கொண்டே சிங்கத்தின் அடைப்புக்கு வந்தார்கள். சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. காட்டிலும் அது அப்படித்தான். ஒரு நாளில் 15 மணி நேரத்துக்கு மேல் படுத்தே கிடக்கும்.

கணவர் கம்பிமேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். தோளில் இருந்த துண்டு நழுவி, கம்பிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. கைக்கு எட்டாத தூரம். ஆனால் ஒரு காலை அந்தப் பக்கம் வைத்தால் எடுத்துவிடலாம். அது மகன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த துண்டு. கணவர் காலைத் தூக்கினார்.

மனைவி அப்போது பக்கத்தில் இருந்த தெலுங்குப் பலகையை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். "தா... ட... ரா... து. தாடராது." சட்டென்று பொருள் விளங்கியது. தாண்டக்கூடாது!

ஓடிப்போய்க் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"வுடு மே. அது தூங்குது. உள்ளாற இன்னொரு வேலி வேற இருக்குது. ஒரு நிமிசம்."

"துண்டு போனாப் போவட்டும். காலை எடுங்க!"

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கணவருக்குக் கூச்சமாக இருந்தது. காலை எடுத்துவிட்டார். அதற்குள் ஊழியர் ஒருவர் வந்தார். நீண்ட கொக்கிக் கழியால் துண்டை எடுத்துக் கொடுத்தார். அவர் திட்டவில்லை. தெலுங்கில் மெதுவாக ஒரு செய்தி சொன்னார்.

2024 பிப்ரவரி 15. இதே பூங்காவில் ஒருவர் தடுப்பைத் தாண்டிச் சிங்கத்தின் அடைப்புக்குள் குதித்தார். சிங்கம் தாக்கியது. அவர் அங்கேயே இறந்துபோனார். சிங்கம் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக ஓடும். படுத்திருக்கிறது என்று நம்பக்கூடாது. உள்ளே போனவரைக் காப்பாற்ற யாருக்கும் நேரம் கிடைக்காது.

தடுப்பு மனிதரை மட்டும் காப்பதில்லை. 2021 மே மாதம் ஐதராபாத் உயிரியல் பூங்காவில் எட்டுச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்தது. மனிதரின் நோய் விலங்குக்கும் தொற்றும். பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றின்மேல் கல் எறிவதும் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையோ அபராதமோ கிடைக்கும்.

கணவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "பலகையில இன்னா எழுதியிருந்துச்சு, இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சிறு வயதில் அவர் இரண்டு வகுப்புத் தெலுங்கு படித்தவர். எல்லாம் மறந்துவிட்டது. மனைவி சொன்னார். கணவரும் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு வந்த பலகைகளை இருவரும் சேர்ந்து படித்தார்கள். கரடிப் பலகையில் ஓர் எழுத்து இருவருக்குமே புரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி படித்துக் காட்டினாள்.

யானையைப் பற்றிப் பேச்சு வந்தது. பலமநேரி பக்கம் கணவரின் சித்தப்பா நிலம் இருக்கிறது. 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் அந்தப் பக்கம் வந்தன. அவற்றுக்காக 1990-ல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. யானை பயிருக்குள் வந்தால் ஒரே இராத்திரியில் கரும்பு, நெல், வாழை எல்லாம் போய்விடும். "இங்க வேலி கட்டி நம்மைத் தடுக்கறாங்க. அங்க யானையை யாரு தடுப்பாங்க?" என்றார் கணவர். அந்தக் கேள்விக்கு மனைவியிடம் பதில் இல்லை. சித்தப்பாவிடமும் இல்லை.

வீடு திரும்பும்போது மணி எட்டு. ஓரகத்தி வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, சிங்கம் இன்னா பண்ணுச்சு?"

"தூங்குச்சு."

"அதுக்கா இவ்ளோ தூரம் போனீங்க?"

மனைவி சிரித்தார். புடவையைக்கூட மாற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போனார். லட்சுமி தலையைத் தூக்கிக் கத்தியது. தொட்டிக்குப் பக்கத்தில் பழைய பிளாஸ்டிக் கவர்கள் கிடந்தன. இத்தனை நாளும் அவை அங்கேதான் கிடந்தன. மனைவி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கணவர் டார்ச் விளக்கைப் பிடித்தார்.